அல்லேக்ரியோட மிசெரெரே, 1980 ரெக்கார்டிங்: வேகத்துக்காக வாங்குங்க, சுருதிய யோசிச்சு எடுங்க

டாலிஸ் ஸ்காலர்ஸ்ங்கிற இங்கிலாந்து பாட்டுக் குழு 1980-ல பாடி வெளியிட்ட அல்லேக்ரியோட மிசெரெரே பத்தி தனியா ஒரு ரிவ்யூ எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை, ஏன்னா தவக்காலம் வந்துட்டா பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து கொயர் பிள்ளைகள்ல யாராவது ஒருத்தர் இத போன்ல போட்டுக் காட்டி "அண்ணே இத நாம பாட முடியுமா, எந்தக் கட்டையில வைக்கணும், இவ்வளவு மெதுவாவா போகணும்"னு கேக்காம இருக்கிறதில்ல. முடிவ முதல்லயே சொல்லிடுறேன். வேகத்துக்காக இத கண்டிப்பா வாங்கிக் கேளுங்க, மனசுல பதியுற வரைக்கும் கேளுங்க. சுருதிய மட்டும் அப்படியே எடுத்துட்டு வந்து நம்ம பிள்ளைக தொண்டையில ஏத்திராதீங்க.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. கிரகோரியோ அல்லேக்ரி ரோம்ல பாப்பரசரோட சிஸ்டைன் சிற்றாலயத்துல பாடகரா இருந்தவர். 1630-கள்ல, எட்டாம் உர்பான் பாப்பரசர் காலத்துல, புனித வாரத்துல பாடுறதுக்காக திருப்பாடல் 51-க்கு இசை எழுதினார். நம்ம திருநீற்றுப் புதன் பூசையில பதிலுரைப் பாடலா வருதே, தாவீது ராசா பாவத்துக்காக அழுது கெஞ்சுற அதே சங்கீதம்தான், பழைய லத்தீன் பைபிள் கணக்குல அது 50. வாத்தியம் எதுவும் கிடையாது, ஆர்கன்கூட இல்ல. அஞ்சு குரல் உள்ள ஒரு குழு, நாலு குரல் உள்ள ஒரு சின்னக் குழு தள்ளி நிக்கும், நடு நடுவுல ஆம்பளைக் குரல் ஒத்தை இழையா ஓதும். மாத்தி மாத்திப் பாடிட்டு கடைசி வசனத்துல ஒன்பது குரலும் ஒண்ணு சேரும். மெழுகுதிரிய ஒண்ணொண்ணா அணைச்சுக்கிட்டே வர்ற இருட்டு வழிபாட்டுல பாடினது இது. 1770 புனித வாரத்துல 14 வயசு மொசார்ட் கேட்டுட்டு வந்து ஞாபகத்துல இருந்தே எழுதிவச்சத அவரு அப்பா வீட்டுக்கு எழுதின கடிதத்துல சொல்லியிருக்கார், அந்தக் கதை எல்லா இடத்துலயும் கிடைக்கும், இங்க வேண்டாம்.

வேகத்துக்கு வருவோம், ரெக்கார்டிங்கோட பெரிய பலமே அதுதான். மொத்தம் ஏறக்குறைய பன்னிரண்டரை நிமிஷம். இசை இருபது துண்டா பிரிஞ்சு வருது, சராசரி போட்டா துண்டுக்கு 37 செகண்ட் சொச்சம். நம்ம பூசையில பதிலுரைப் பாடலுக்கு நாலஞ்சு நிமிஷம் கிடைச்சாலே பெருசு, அந்தக் கணக்குல பார்த்தா இது நீளம்தான், ஆனா உக்காந்து கேட்டா நீளம்னே தோணாது. காரணம் இதுல தாளம் கிடையாது. ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு கால் தட்டிக்கிட்டு பாடுற பாட்டு இல்ல இது. இத்தாலிக்காரங்க ஃபால்சோபோர்டோனேன்னு ஒரு முறை வச்சிருக்காங்க, ஒரே கார்ட, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டத்த, எல்லா குரலும் சேர்ந்து புடிச்சு நிறுத்தி அதே சுரத்துலயே வார்த்தைகள பேச்சு ஓட்டத்துல சொல்லிக்கிட்டே போவாங்க, வரி முடியுற இடம் வரும்போதுதான் குரல்க பிரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு உரசி மெதுவா இறங்கி வந்து நிக்கும். வசனத்துல வார்த்தை அதிகமா இருந்தா அந்தக் கார்ட் அதிக நேரம் நிக்கும், கம்மியா இருந்தா சீக்கிரம் நகரும். அதனால "டெம்போ எத்தனை, கீபோர்டுல எந்த நம்பர் வைக்க"ன்னு கேட்டா பதிலே கிடையாது, வார்த்தை வாயில இருந்து என்ன வேகத்துல வருதோ அதுதான் டெம்போ. வயசான உபதேசியார் ஒருத்தர் சிலுவைப்பாதையில ஜெபம் சொல்றத கவனிச்சிருப்பீங்க, ஒவ்வொரு வரியும் ஒரே ஓட்டமா வந்து கடைசி ரெண்டு அசையில மட்டும் இழுத்து அமரும், அடுத்த வரிக்கு முந்தி ஜனங்க மூச்சு விடுற அளவுக்கு ஒரு இடம் இருக்கும். அந்த ஓட்டம் காதுல இருக்கிறவங்களுக்கு இந்த ரெக்கார்டிங் அன்னியமாவே இருக்காது.

நடத்துறவர் பீட்டர் பிலிப்ஸ், 1973-ல குழுவ ஆரம்பிச்சவரே அவருதான். கார்ட் நிக்கிற இடத்துல அவர் அவசரப்படுறதும் இல்ல, பக்தின்னு நெனச்சுக்கிட்டு இழுக்கிறதும் இல்ல. நம்ம பக்கம் இழுவை ஒரு பெரிய வியாதி, சோகப் பாட்டுன்னாலே பாதி வேகத்துக்கு இறக்கிர்றாங்க, பெரிய வெள்ளிக்கிழமை சில கோயில்கள்ல ஒரு வரி பாடி முடிக்கிறதுக்குள்ள முதல் வார்த்தை என்னன்னே மறந்து போகுது. துக்கம் மெதுவாத்தான் இருக்கணும்னு யாரு சொன்னா? அழுறவங்க வேகமா பேசி பேசித்தான் திடீர்னு நிறுத்துவாங்க. இந்த ரெக்கார்டிங்ல அந்த நிறுத்தம் இருக்கு, வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவுல விடுற அமைதிய யாரும் வெட்டல, சுவரு அந்தக் கடைசி கார்ட சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்துட்டுத்தான் அடுத்த குரல் எந்திரிக்குது. அப்புறம் அந்த உச்ச சுரம், அத பத்தி கீழ நிறைய சொல்லணும், வேகத்தைப் பொறுத்தவரைக்கும் ஒண்ணு மட்டும் சொல்றேன்: பாடுற அலிசன் ஸ்டாம்ப் அங்க ஏறி நின்னு காட்டிக்கிட்டு இருக்கல, தொட்டுட்டு அதே ஓட்டத்துல இறங்கி வர்றாங்க. நடத்துறவரும் அதுக்காக மத்த குரல்கள நிறுத்தி வைக்கல. பெரிய பெரிய கொயர்க இந்த இடத்துல சறுக்குறத கேட்டிருக்கேன்.

இந்த வேகம் இவங்களுக்கு ஏன் ஒத்து வருதுங்கிறதையும் புரிஞ்சுக்கணும், இல்லன்னா நம்ம கோயில்ல வச்சுப் பார்த்துட்டு ஏமாந்து போவோம். இது ஆக்ஸ்போர்டுல மெர்ட்டன் காலேஜ் சிற்றாலயத்துல பதிவு பண்ணினது. கல்லுக் கட்டடம், உயரமான கூரை. நாலு குரல் குழுவ வேணும்னே தூரத்துல நிறுத்தியிருக்காங்க, அதனால அவங்க பாடுறது பாதி குரலாவும் பாதி எதிரொலியாவும் வருது. ஒரு கார்ட விட்ட பிறகும் அது காத்துல நிக்குது, அடுத்த கார்ட் அது மேல வந்து உக்காருது. நம்ம கரையோரக் கோயில்கள்ல அந்த வசதி ஏது? காங்கிரீட் கூரை, ஜன்னல் பூராவும் தொறந்து கிடக்கும், ஃபேன் சத்தம், கடல் காத்து. தனுஷ்கோடியில 1964 புயல்ல கூரை போன அந்தக் கோயில் இருக்கே, சுவரு மட்டும் நிக்குது, அதுக்குள்ள நின்னு பாடிப் பாருங்க, வாய விட்டு வந்த சத்தத்த காத்து அப்படியே அள்ளிட்டுப் போயிரும், பக்கத்துல நிக்கிறவருக்குக்கூட பாதிதான் கேக்கும். அந்த மாதிரி இடத்துல மெர்ட்டன் வேகத்துல பாடினா நிறுத்தம் எல்லாம் ஓட்டையாத்தான் தெரியும். எதிரொலி கம்மியா இருக்கிற இடத்துல ஓதுற பகுதிய கொஞ்சம் முடுக்கணும், நிறுத்தத்த சுருக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம். பேச்சு ஓட்டம்ங்கிற அடிப்படைய விடக்கூடாது.

இப்ப சுருதி. நம்ம கட்டைக் கணக்குல சொன்னா இது 5 கட்டை மைனர், அதாவது ஜி மைனர். அஞ்சு குரல் குழு பாடுறது, ஓதுற ஆம்பளைக் குரல் எல்லாம் அந்த 5 கட்டையிலதான் ஓடுது, யாரு வேணும்னாலும் பயிற்சி பண்ணினா பாடிரலாம். நாலு குரல் குழு வர்ற இடத்துலதான் விஷயம். வசனத்த 5 கட்டையில ஆரம்பிக்கிறாங்க, ஆரம்பிச்சு நடுவுல திடீர்னு தரையையே தூக்கி வச்ச மாதிரி 1 கட்டை மைனருக்கு, அதாவது சி மைனருக்கு ஏறிடுது, ச இருந்த இடத்துல ம-வ ச ஆக்கிட்டுப் பாடுறாங்க. அந்த ஏற்றத்துலதான் உச்சக் குரல் மேல் சி-யத் தொடுது. கீபோர்டு நடுவுல இருக்கிற சி-க்கு ரெண்டு ஸ்தாயி மேல, 1046 ஹெர்ட்ஸ் சொச்சம். அந்தக் குழுவுக்கு அஞ்சு வசனம், அஞ்சு தடவை மேல் சி. உலகம் பூரா இந்தப் பாட்டுக்கு பேரு வாங்கிக் கொடுத்ததே இந்த அஞ்சு இடம்தான்.

அல்லேக்ரி அத எழுதவே இல்ல. பழைய கையெழுத்துப் பிரதியிலயும் இல்ல, 1771-ல சார்ல்ஸ் பர்னிங்கிற இங்கிலீஷ் இசை வரலாற்றாளர் லண்டன்ல அச்சுப் போட்ட பதிப்புலயும் இல்ல. 1831-ல ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் ரோமுக்குப் போயி கேட்டப்ப அன்னைக்கு பாடகர்க எழுத்துல இருந்தத விட ச-வுக்கு ம அளவு மேல தூக்கி வச்சுப் பாடியிருக்காங்க, அவர் காதுல கேட்டபடி ஒரு துண்ட குறிச்சு வச்சார். பிறகு 1880-ல க்ரோவ் இசை அகராதியில வந்த கட்டுரையில அந்த உயரத் துண்டு கீழ் சுருதியில இருந்த துண்டோட சேர்ந்து வந்துருச்சு. அதப் பார்த்து பின்னாடி வந்தவங்க பதிப்புல சேத்தாங்க, 1951-ல ஐவர் அட்கின்ஸ் இங்கிலீஷ் வார்த்தையோட ஒரு பதிப்பு போட்டார், அங்க இருந்து கொயர் கொயரா பரவிருச்சு. ரெண்டு வேற வேற உயரத்துல பாடினத ஒரே பாட்டா ஒட்டினதுதான் அந்த திடீர் ஏற்றம். கேட்டா அழகா இருக்குங்கிறத நான் மறுக்கவே மாட்டேன், எனக்கும் ஒவ்வொரு தடவையும் முதுகுத்தண்டு சிலிர்க்குது. ஆனா "கழுவும், தூய்மையாக்கும்"னு ஒரு பாவி மண்ணுல விழுந்து கெஞ்சுற வசனத்துல ஜனங்க வார்த்தைய விட்டுட்டு எப்ப மேல் சி வரும்னு காத்துக்கிட்டு இருக்கிறது எனக்கு வருத்தமா இருக்கு. ஜெபத்துக்காக எழுதினது உச்சக் குரலுக்கான பரீட்சையா மாறிப்போச்சு.

நம்ம கொயர்க பண்ற தப்பு இங்கதான். இது உயரமா இருக்குன்னு தெரிஞ்ச உடனே கீபோர்டு தம்பி சுருதிய மாத்துற ட்ரான்ஸ்போஸ் பட்டன அமுக்கி அஞ்சு அரைக்கட்டை கீழ இறக்கி 2 கட்டை மைனருக்குக் கொண்டு வந்துருவாரு. கணக்கு சரிதான், மேல் சி இப்ப மேல் ஜி ஆயிடும், நம்ம பொண்ணுக நல்லாவே எட்டிருவாங்க. ஆனா கீழ என்ன ஆச்சுன்னு யாரு பார்த்தா? 5 கட்டையில கீழ் ஜி-யில நின்ன பேஸ் குரல், அதாவது ஆம்பளைகள்ல ஆக அடிக் குரல், இப்ப கீழ் டி-க்குப் போகணும், அந்த ஆழம் நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு இருக்கு? அதுவும் இல்லாம ராமேஸ்வரம் பக்கம் திங்கள், புதன், சனி விசைப்படகு போற நாள், அன்னைக்கு பயிற்சி வச்சா பேஸ் பாடுற ஆளுக பாதிப்பேரு கடல்ல இருப்பாங்க. இருக்கிற ரெண்டு மூணு குரலும் கீழ் டி-யில வெறும் காத்தா போயிரும், அடித்தளம் இல்லாம மேல கட்டுற கார்ட் எல்லாம் ஆடும். ரெண்டு அரைக்கட்டை இறக்கி 4 கட்டையில வச்சா கீழ கொஞ்சம் தாங்கும், மேல பி ஃப்ளாட், அதுவும் எல்லா பொண்ணுக்கும் வராது. எப்படி இறக்கினாலும் ஏதாவது ஒரு பக்கம் உடையும், ஏன்னா பாட்டு மொத்தமும் உயரமா இல்ல, நடுவுல ஒரு துண்டு மட்டும்தான் தூக்கி ஒட்டினது. மொத்தத்தையும் இறக்கி அந்தத் துண்ட சரி பண்ண முடியாது.

அதுக்கு வழி வேற பதிப்பு எடுக்கிறதுதான். பர்னி பதிப்ப வச்சு, ஏற்றம் இல்லாம நாலு குரல் வசனத்தையும் அதே 5 கட்டையிலயே முடிச்சா எல்லா குரலும் அதது இடத்துல நிக்கும். தேவைப்பட்டா அரைக்கட்டை ஒரு கட்டை இறக்கிக்கலாம். அதுல தப்பே இல்ல, ஏ-ன்னா 440-ன்னு ஒத்துக்கிட்டதே 1939 லண்டன் மாநாட்டுலதான், அல்லேக்ரி காலத்து ரோம்ல சுருதி இன்னைக்கு இருக்கிறத விட கீழதான் இருந்துச்சு. மேல் சி இல்லாம எப்படி இருக்கும்னு சந்தேகப்படுறவங்க சிஸ்டைன் சிற்றாலயக் குழு 2015-ல வெளியிட்ட கான்டாத்தே டோமினோ ஆல்பத்தக் கேளுங்க. மாசிமோ பாலோம்பெல்லா நடத்தினது, எந்த இடத்துக்காக எழுதினாங்களோ அந்த இடத்துலயே பதிவு பண்ணினது, 1661 கையெழுத்துப் பிரதிய வச்சுப் பாடியிருக்காங்க. மேல் சி கிடையாது. குரல் டாலிஸ் ஸ்காலர்ஸ் அளவுக்கு கண்ணாடி மாதிரி சுத்தமும் கிடையாது, ஆனா வார்த்தை முன்னுக்கு நிக்குது, ஒரு குருவானவர் கூட்டத்து நடுவுல நின்னு சொல்ற ஜெபமா இருக்கு. தவக்காலத்துல எது கேக்கணும்னா நான் இதச் சொல்வேன், எப்படி குரல சேத்து மூச்சு வாங்கணும்னு படிக்கணும்னா 1980-ஐச் சொல்வேன்.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் பாடினதும் ஒண்ணு இருக்கு, 1963-ல பதிவு பண்ணினது, டேவிட் வில்காக்ஸ் நடத்தினது, மேல் சி பாடினது ராய் குட்மன்ங்கிற 12 வயசுப் பையன். இங்கிலீஷ்ல இருக்கிறதால அர்த்தம் புரியும், பையன் குரலுக்கே உள்ள அந்த நடுக்கமில்லாத வெள்ளைத் தன்மை டாலிஸ் ஸ்காலர்ஸோட பெண் குரல்ல கிடைக்காது. நல்ல பதிவுதான், ஆனா கூட்டமா பாடுற இடத்துல வார்த்தை எதிரொலியில கரைஞ்சு போகுது, ஓட்டத்தப் படிக்கிறதுக்கு அது உதவாது.

ஃபைல் விஷயத்துல ஒரு எச்சரிக்கை, சுருதி பத்திக் கேக்குறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். நம்ம பக்கம் சுத்துற எம்பி3 நிறைய பழைய கேசட்ல இருந்து எடுத்தது. கேசட் டெக் மோட்டார் ஆறு சதவீதம் வேகமா ஓடினா போதும், சுருதி சரியா அரைக்கட்டை ஏறிடும், நேரமும் குறையும். பன்னிரண்டரை நிமிஷப் பாட்டு 11 நிமிஷம் 48 செகண்ட்ல முடிஞ்சா அது வேற ஆளு பாடினது இல்ல, அதே பாட்டுதான் வேகமா ஓடிக்கிட்டு இருக்கு. அந்த ஃபைல வச்சு ஒரு கொயர்ல 5½ கட்டைன்னு எழுதி வச்சு பொண்ணுகள மேல் சி ஷார்ப் பாட வச்சதைப் பார்த்தேன், பாவம், தொண்டை கட்டி ஒரு வாரம் பேச முடியல. இன்னொண்ணு, போன் ஆப்புல இருக்கிற ஸ்பீடு பட்டன் வேற மாதிரி, அது வேகத்த மட்டும் மாத்தி சுருதிய அப்படியே வச்சிரும். அதனால எடுத்த உடனே மொத்த நேரத்தப் பாருங்க, கடைசி கார்ட நல்ல கீபோர்டுல ட்ரான்ஸ்போஸ் பூஜ்யத்துல வச்சு ஜி-யோட ஒத்துப் பாருங்க, அப்புறம் பயிற்சிய ஆரம்பிங்க.

தேடும்போது வருஷத்தப் பார்த்து எடுங்க, ஏன்னா இதே குழு இதே பாட்ட பிறகும் பதிவு பண்ணியிருக்கு, 1994-ல ரோம்ல நேரடியா பாடினது ஒண்ணு, அலங்காரம் கூட்டிப் பாடி 2007-ல வெளியிட்டது ஒண்ணு. 2007-ல சுரத்துக்குச் சுரம் நகாசு வேலை நிறைய, கேக்க நல்லா இருக்கும், கத்துக்கிற பிள்ளைகளுக்கு அது குழப்பம்தான் தரும். 1980 ஆல்பத்த அடையாளம் கண்டுபிடிக்க சுலபமான வழி, கூடவே பாலஸ்த்ரீனாவோட பாப்பா மார்செல்லி பூசையும் வில்லியம் மண்டியோட ஒரு நீளமான பாட்டும் இருக்கும். மண்டி பாட்டு எனக்கு இன்னும் முழுசா பிடிபடல. பாலஸ்த்ரீனாவுக்காகவே இந்த ஆல்பத்த ரெண்டாவது தடவையும் வாங்கலாம், அதுல க்ரேதோ, அதாவது விசுவாசப் பிரமாணம், வர்ற இடத்துல நீளமான வசனத்த எப்படி ஒரு வார்த்தைகூட மறையாம ஒரே மூச்சுல ஓட்டுறாங்கன்னு கேளுங்க, ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணம் பாடுற கொயர்க்கு நேரடியா உபயோகப்படும்.

கேக்குறதுக்கு பஸ்ஸு லாயக்கு இல்ல. ராமநாதபுரத்துல இருந்து ராமேஸ்வரம் வர்ற வழியில காத்துச் சத்தத்துல தூரத்துக் குழு பாடுறது சுத்தமா அமுங்கிப் போயிரும், சத்தத்தக் கூட்டி வச்சா மேல் சி வரும்போது காது வலிக்கும். ராத்திரி வீட்டுல, ஹெட்ஃபோன் போட்டு, ஃபேன நிறுத்திட்டுக் கேளுங்க. கொயருக்குப் போட்டுக் காட்டுறதா இருந்தா மைக் செட் ஸ்பீக்கர்ல வேண்டாம், அதுல எக்கோ தனியா சேத்துருவாங்க, எது மெர்ட்டன் சுவரு எது ஆம்ப்ளிஃபயர்னு பிரிக்க முடியாது. ஈஸ்டர் பிந்தி வர்ற வருஷம் பயிற்சிக்கு நல்ல வாய்ப்பு, 2025 மாதிரி ஏப்ரல் 20-ல வந்தா ஏப்ரல் 15-லயே மீன்பிடி தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கரையில இருக்கும், புனித வாரத்துக்கு பேஸ் குரல் முழுசா கிடைக்கும். மொதல்ல தமிழ் திருப்பாடலையே எடுத்து, கீபோர்டுல ஒரு மைனர் கார்ட புடிச்சு நிறுத்தி, ஒரு வரிய பேச்சு ஓட்டத்துல சொல்லி கடைசி ரெண்டு அசையில மட்டும் நாலு குரலா பிரிச்சுப் பழகுங்க. அது வந்த பிறகு லத்தீன தொட்டுக்கலாம். பர்னி பதிப்பு நோட்ஸ் பழைய நூல்ங்கிறதால நெட்டுல இலவசமாவே கிடைக்குது, அச்செடுக்கிறதுக்கு முந்தி நாலு குரல் வசனத்துல சி மைனர் ஏற்றம் இருக்கான்னு மட்டும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கோங்க, இருந்தா அது பர்னி பதிப்பு இல்ல.